கல்லுக்கு ஊத்தின வெந்நீர்

கைய உட்றாதீங்க தம்பி. சித்த இருங்க. மொதல்ல இந்தக் கிளவுஸப் போடுங்க, அப்பறம் இந்தக் கண்ணாடி. சிரிக்காதீங்க. கோயமுத்தூர்ல இருந்து கேனும் வலையும் கொண்டாந்துட்டீங்க, நாலு வருசமா உப்புத்தண்ணித் தொட்டி வெச்சிருக்கேன்னு போன்ல சொன்னீங்க, எல்லாஞ் சரி. நானும் மூணு வருசம் வெச்சிருந்தவந்தானுங்க. வெறுங்கையோட எத்தன தடவ உள்ள உட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. இப்ப இந்த ஹாலுக்குள்ள வர்றதுன்னாலே எனக்குப் பயந்தானுங்க. அதுக்குத்தான் நீங்க வந்ததும் கதவு, ஜன்னல் பூராத் தொறந்து உட்டேன்.

உக்காருங்க. மீனு எங்கயும் போயிராது. நானு சொல்லி முடிச்சர்றேன், அப்பறம் நீங்க தாராளமா எடுத்துட்டுப் போங்க. சொல்லாமக் குடுத்து நாளைக்கு உங்கூட்ல ஒண்ணு ஆச்சுன்னா அந்தப் பாவம் என்னய உடாதுங்க.

அந்த மூலைல பாருங்க, நீலமா ஒண்ணு. வெரல் நீளந்தான் இருக்கும். வாலு மட்டும் மஞ்ச. அழகா இருக்குதுங்களா? எனக்கும் அப்படித்தான் இருந்துச்சு. தொட்டி வாங்குன புதுசுல கடைக்காரரு ஜெரால்டு, தண்ணி சரியா இருக்குதான்னு பாக்க மொதல்ல இத உடுங்க, இது எதையும் தாங்கிக்கும், ஒரு மாசங் கழிச்சு எனக்கே திருப்பிக் குடுத்துருங்கன்னாரு. நாந்தான் பாக்க லட்சணமா இருக்குதேன்னு உட்டுட்டேன். இது பண்ணுன வேலையப் பாருங்க தம்பி, எல்லாத்துக்கும் இந்த மீனுதானுங்க காரணம்.

அப்பறமா வாங்கி உட்ட மீனெல்லாம் இதுக்குப் பயந்து ஒளிய ஆரம்பிச்சுருச்சு. கோமாளி மீனு ரெண்டு ஜோடியா வாங்கியாந்தேன், எம் பொண்ணு மிருதுளா ஆசப்பட்டாளேன்னு. அதுல ஒண்ணு பத்து நாள்ல போச்சு. மஞ்ச மீனோட செட்டை பூராக் கிழிஞ்சு போச்சு. எல்லாம் பம்ப்புக்குப் பின்னால போயி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிட்டு நிக்கும். அத்தாச்சோட்டுத் தொட்டில இது ஒண்ணுதான் ராஜாவாட்ட சுத்தீட்டு இருக்கும். வர்றவங்கெல்லாம் என்னங்க ஒத்த மீனுக்கு இத்தன பெரிய தொட்டியான்னு கேப்பாங்க. எனக்கு அது பொறுக்கலீங்க.

நமக்குத் திருப்பூர்ல டையிங். நூலுக்கும் துணிக்கும் சாயம் ஏத்திக் குடுக்கறது. சாயத்தண்ணி ஆத்துல கலக்குதுன்னு வந்த தொல்லைல எங்க யூனிட்டு எட்டு மாசம் மூடிக் கெடந்து, அப்பத்தான் மறுபடி ஓட்டலாம்னு உத்தரவு வந்து ஒரு மாசம் ஆயிருந்துச்சு. இத்தாலியில இருந்து துணி வாங்கற பையர் ஒருத்தரு வர்றாரு, ஞாயித்துக்கெழம மத்தியானம் நம்மூட்ல சாப்பாடு. வர்றவரு ஹால்ல உக்காந்து தொட்டியப் பாக்கறப்ப மீனெல்லாம் வெளிய வந்து நீந்த வேண்டாங்களா? அதுக்காவத்தான் இந்த நீலத்தப் புடிச்சு வெளிய போட்டரலாம்னு முடிவு பண்ணுனேன்.

புடிக்கறதுன்னா சும்மா இல்லீங்க, உங்குளுக்கே தெரியும். வலைய உட்டா வலை தண்ணியத் தொடறதுக்குள்ள கல்லு இடுக்குல பூந்துரும். பிளாஸ்டிக் பாட்டல் கழுத்த அறுத்துத் திருப்பிச் சொருகி, உள்ள எறாத் துண்டு போட்டு வெச்சேன். ரெண்டு நாளு வெச்சேன். மத்த மீனெல்லாம் உள்ள போயி மாட்டிக்கிச்சு, இது பாட்டலுக்கு வெளிய நின்னுட்டு அதுகளப் பாத்துட்டு இருந்துச்சு. அப்பறம் சின்னத் தூண்டி முள்ளு போட்டேன், பாப்பா அழுதான்னு அதையும் எடுத்துட்டேன். பாதித் தண்ணிய எறச்சும் பாத்துட்டேன். ஒண்ணும் ஆவுல.

எஞ் சம்சாரம் கலாமணிதான் கண்டுபுடிச்சா. மத்தியானம் வேலையெல்லாம் முடிச்சுட்டு இந்தச் சோபால உக்காந்து அவ தொட்டியவே பாத்துட்டு இருப்பா. எப்ப வெரட்டுனாலும் அது அந்த ஒரே கல்லுக்குள்ளதானுங்க போகுது, பேசாம கல்லோட தூக்கி வெளிய எடுத்துருங்களேன்னா. ரோசனை சொன்னது அவதான் தம்பி. அதனாலதான் இத்தனையும் ஆச்சுன்னு நானு சொல்ல வரல. சொன்னது அவதாங்கறேன், அவ்ளதான்.

சனிக்கெழம பதினோரு மணி இருக்கும். நானு வலைய உள்ள உட்டு ஒரு ஆட்டு ஆட்டுனேன், அது நேரா அந்தக் கல்லுக்குள்ள பூந்துச்சு. டக்குனு கல்லத் தூக்கிப் பக்கெட்டுக்கு மேல புடிச்சேன். தண்ணி சொட்டச் சொட்ட அரை நிமிசம் உள்ளயே இருந்துச்சுங்க. அப்பறம் பொத்துனு பக்கெட்ல உழுந்துச்சு. பாப்பா கையத் தட்டுனா. நானு போட்டோக் கூட எடுத்தேன். ரெண்டு வாரமாப் புடிக்க முடியாதத ரெண்டு நிமிசத்துல புடிச்சுட்டோம்னு அத்தன சந்தோசம்.

அதோட உட்டிருக்கலாம். கல்லு கையில இருக்குதுங்களே. பாத்தா மேல பூரா ஒட்டி வளந்திருக்குது, பட்டன் பவளம்னு சொல்றாங்களே, அது. சட்டைக்கு வெக்கற பட்டன் சைசுல, காஞ்ச செங்கல் நெறத்துல, அசிங்கமா வழவழன்னு. நல்ல கலர்னாலும் பரவால்ல. இத்தாலிக்காரரு பாக்கறப்ப இது எதுக்கு, சுத்தமாக் கழுவித் திரும்ப வெச்சரலாம்னு நெனச்சேன்.

எங்க டையிங்ல எதுக்கும் வெந்நீர்தானுங்க வைத்தியம். சாயம் புடிக்கலியா, சூட்ட ஏத்து. புடிச்ச சாயம் போகலியா, இன்னும் சூட்ட ஏத்து. மிசினுக்குள்ள கறையா, கொதிக்கற தண்ணிய உட்டுக் கழுவு. முப்பது வருசமா அதுலயே பொழச்சவனுக்குக் கை அங்கதானுங்க போகும். கெய்சர் தண்ணி பத்தாதுன்னு அடுப்புல பெரிய போசில வெச்சுத் தளபுளன்னு கொதிக்க உட்டேன்.

கலாமணி வந்து நின்னா. "ஏனுங், கல்லுல கை வெக்கறதுன்னா மொதல்ல எனக்கு ஒரு போன் போடுங்கன்னு ஜெரால்டண்ணன் சொன்னாருங்களே. கேட்டுட்டுச் செய்யலாமுங்க" அப்பிடின்னா. மீன் விக்கறவன் வந்து எனக்கு வெந்நீர் ஊத்தச் சொல்லித் தரணுமான்னு கேட்டேன். அவ எப்பவுமே அப்படித்தானுங்க, ஒரு தடவ சொல்லுவா, அப்பறம் சொல்ல மாட்டா. பழைய பிரஸ்ஸ எடுத்துட்டு வந்து பாத்ரூம்ல உக்காந்துக்கிட்டா. நானு ஊத்துனேன். அவ தேச்சா.

ஊத்துன ஒடனே வெள்ளையா ஆவி கெளம்புச்சு பாருங்க. கடல் நாத்தம் மாதிரி, அதுக்குள்ள ஒரு கசப்பு. வாயில காசக் கடிச்சுட்டு இருக்கற மாதிரி ஒரு ருசி. அப்பப் பாத்துப் போன் அடிச்சுது, பையரோட ஆளு, நாளைக்கு எத்தன மணிக்கு வரலாம்னு. நானு பேசறதுக்கு வெளிய வந்தேன். நாத்தம் ஹாலுக்கு வரக்கூடாதேன்னு பாத்ரூம் கதவ இழுத்துச் சாத்துனேன். அதுல ஜன்னலு சின்னதுங்க, காத்தாடியும் ரெண்டு மாசமா ஓடல. அரை மணி நேரம் அவ உள்ளயே இருந்து தேச்சுட்டு இருந்தா. நல்லாப் போகுதான்னு வெளிய இருந்தே கேட்டேன். இருமிக்கிட்டே போகுதுங்கன்னா.

ரெண்டு மணிக்குக் குளுருதுன்னா. வெயில் காலத்துல என்ன குளுருன்னு கேட்டேன். கம்பளியப் போத்திக்கிட்டும் நடுங்கறா. கையத் தூக்க முடியலீங்க, தொடையெல்லாம் யாரோ அடிச்சாப்பல வலிக்குதுங்கன்னா. எனக்கும் லேசாக் காச்சல் அடிச்சுது, தொண்டை கரகரங்குது. நாலு மணிக்கு அவளுக்கு மூச்சு வாங்க ஆரம்பிச்சுருச்சு தம்பி. படுக்க முடியல, உக்கார முடியல. உதடு ஒரு மாதிரி ஊதா ஆயிருச்சு. நானு அந்தப் பயத்த என்னன்னு சொல்லுவேன். கார் சாவி கையிலயே இருக்குது, நானு ஊடு பூராத் தேடறேன். பாப்பாதான் அப்பா கையிலப்பான்னு சொன்னா.

ஆஸ்பத்திரியில ஒடனே மாஸ்க்க மாட்டி உள்ள கொண்டு போயிட்டாங்க. ஒரு டாக்டரம்மா, சின்ன வயசுதான், என்னய ஓரமாக் கூப்புட்டுக் கேட்டாங்க. என்ன பண்ணீட்டு இருந்தாங்க? ஏதாச்சும் மருந்து அடிச்சீங்களா? ஆசிட், பினாயில் கலந்து பாத்ரூம் கழுவுனாங்களா? சமையல் பண்ணீட்டு இருந்தாங்க, திடீர்னு இப்படி ஆயிருச்சுன்னு சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னீங்கன்னுதான பாக்கறீங்க. கேளுங்க. அந்தம்மா மொதல்லயே நீங்க என்ன தொழில்னு கேட்டுச்சு. நானு டையிங்னேன். அந்தம்மா மூஞ்சி மாறிப் போச்சு. கெமிக்கல் ஏதாச்சும் ஊட்டுக்குக் கொண்டாந்தீங்களான்னு அடுத்த கேள்வி. மூடிக் கெடந்த யூனிட்டு இப்பத்தான் ஓடுது. சாயக்காரன் ஊட்ல கெமிக்கல், பொண்டாட்டி ஆஸ்பத்திரியிலன்னு எவனாச்சும் எழுதுனா என்ன ஆகும்? போலீஸ் வரும், அதிகாரி வருவாங்க, ஞாயித்துக்கெழமை பையர் வர்றாரு. மீன் தொட்டிக் கல்லுக்கு வெந்நீர் ஊத்துனேன்னு சொன்னா எவன் நம்புவான்? நானு நம்புவனா? வெந்நீர்ல ஒருத்தருக்கு இப்படி ஆகும்னு நானு கனாக் கண்டனுங்களா? சொல்றதுக்கு அதுல என்ன இருக்குதுன்னு நெனச்சுட்டேன்.

மூணு தடவ கேட்டாங்க தம்பி. மூணாவது தடவ கட்டல்கிட்ட நின்னே கேட்டாங்க. நல்லா ரோசனை பண்ணிச் சொல்லுங்க சார், என்னன்னு தெரிஞ்சாத்தான் நானு வைத்தியம் பாக்க முடியும்னு. நானு ஒண்ணும் இல்லீங்க மேடம், சமையல்தான்னேன். கலாமணி மாஸ்க்கு போட்டு உக்காந்திருந்தா. பேச முடியாது. ஆனா நெனப்பு இருந்துச்சு, எல்லாங் கேட்டுது. என்னயவே பாத்துட்டு இருந்தா. கையத் தூக்கி என்னமோ காட்ட வந்தா, கை வரல. பயந்து போயிருந்தா, பாவம். அவ கையப் புடிச்சு ஒண்ணும் ஆகாது, நானு இருக்கறன்லன்னு சொன்னேன்.

மூணு மணி நேரம். ஆஸ்த்மான்னு ஒரு ஊசி, நெஞ்சுச் சளின்னு ஒரு ஊசி. ஆக்சிஜன் அளவு பாக்கற மிசின்ல நம்பர் எறங்கிட்டே போகுது. வராண்டால உக்காந்து எல்லாச் சாமியையும் கும்பிட்டேன். அவளுக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா நானு எப்படிங்க இருப்பேன்? பதினாலு வருசத்துல சட்டை எங்க இருக்குதுன்னு கூட எனக்குத் தெரியாதுங்க, எல்லாம் அவதான். சாமிகிட்ட அத்தனையும் சொன்னேன். அந்தம்மாகிட்ட மட்டும் சொல்லல.

எட்டு மணி வாக்குல டாக்டரம்மா வெளிய வந்தப்ப, எம் பக்கத்துல உக்காந்திருந்த பாப்பா எந்திரிச்சுப் போயி அவங்க கோட்டப் புடிச்சுது. "டாக்டர், எங்கப்பா கல்லு மேல சுடுதண்ணி ஊத்துனாங்க. எங்கம்மா கதவச் சாத்திட்டு உள்ள தேச்சாங்க. உள்ள பூராப் புகையா இருந்துச்சு" அப்பிடின்னுச்சு. கதவச் சாத்துனது அவங்கம்மா இல்ல, நாந்தான். ஆனா அத நானு அப்பத் திருத்தல.

அந்தம்மா என்னயத் திரும்பிப் பாத்த பார்வை இருக்குதுங்களே, இன்னும் சாப்புடறப்பக் கூட ஞாபகம் வருது. திட்டல. என்ன கல்லுன்னு மட்டுந்தான் கேட்டுச்சு. சொன்னேன். எங்க வாங்குனீங்க, நம்பர் குடுங்கன்னுச்சு. குடுத்தேன். ஜெரால்டுகிட்டப் பத்து நிமிசம் பேசுனாங்க. அவரு அந்தப் பக்கம் கத்துனது எனக்கு இங்க கேட்டுது. அந்தப் பட்டன் பவளத்துல வெசம் இருக்குதாமா தம்பி. சும்மா இருக்கற வரைக்கும் சும்மா இருக்குமாம். கொதிக்கற தண்ணி பட்டா ஆவியோட ஆவியா வெளிய வந்துருமாம். நெஞ்சையும் புடிக்கும், சதையையும் உருக்கும், இருதயத்தையும் உடாதாம். இதுக்குன்னு மாத்து மருந்தே கெடையாதாம், மூச்சு நிக்காமக் காப்பாத்தி வெச்சுக்கிட்டு அதாக் கொறையற வரைக்கும் பாக்கணுமாம்.

அதுக்கப்பறம் எல்லாம் மாறுச்சு. ஐசியூவுக்குக் கொண்டு போயி நெஞ்சு பூரா ஒயர் ஒட்டுனாங்க. வேற மருந்து. எனக்கும் பாப்பாவுக்கும் ரத்தம் எடுத்தாங்க. ஊட்டுக்குள்ள யாரும் போகக்கூடாதுன்னுட்டாங்க. ஜெரால்டு அன்னிக்கே கோயமுத்தூர்ல இருந்து மாஸ்க்கு மாட்டிக்கிட்டு வந்து, அந்தக் கல்லக் கவர்ல சுத்தி எடுத்துட்டுப் போனாரு. பையரு வரல, நாங்களே வேண்டாம்னுட்டோம்.

மூணாம் நாளு, இனி போலாம்னு ஜெரால்டு சொன்னப்பறம், மாத்துத் துணி எடுக்கறதுக்கு ஊட்டுக்கு வந்தேன். பாத்ரூம் பக்கம் தலையத் திருப்பவே பயம். ஹால்ல பக்கெட் அப்படியே இருக்குது. எட்டிப் பாக்கறேன், நீலம் உசுரோட இருக்குது. தீனி இல்ல, காத்து இல்ல, தண்ணி நாறிப் போச்சு, அது பாட்டுக்குச் செவுளு ஆட்டிக்கிட்டு நிக்குது. வெளிய கொண்டு போயி ஊத்தலாம்னுதான் பக்கெட்டத் தூக்குனேன். தூக்குனப்பறம் ஒரு நெனப்பு. இது செத்துப் போயி, அதே நேரத்துல அங்க அவளுக்கு ஏதாச்சும் ஆயிருச்சுன்னா? பைத்தியக்கார நெனப்புதான், தெரியுது. ஆனாலும் ஊத்த மனசு வரல. கொண்டாந்து மறுபடியும் தொட்டியிலயே உட்டுட்டேன். அதனாலதான் இப்ப நீங்க அத மறுக்காப் புடிக்க வேண்டியிருக்குது.

ஒம்பது நாளு ஆச்சு அவ எந்திரிச்சு நடக்க. டிஸ்சார்ஜ் பண்ணுனப்ப அவங்கப்பா கார் கொண்டாந்துட்டாரு. காங்கேயத்துல அவங்க ஊட்டுக்கு நேராப் போயிட்டா, பாப்பாவையும் கூட்டிட்டு. கொஞ்ச நாளு காத்தோட்டமா இருக்கட்டும்னு நானும் ஒண்ணும் சொல்லல. இன்னிக்கோட நாப்பத்தி ஒம்பது நாளுங்க. ரெண்டு தடவ போனேன். காப்பி குடுக்கறா, சாப்டீங்களாங்கறா. வர்றியான்னா பாக்கலாமுங்கறா. எனக்கு வெசனமாப் போச்சு. அப்பத்தான் புரிஞ்சுது, இந்தத் தொட்டி இருக்கற ஊட்டுக்கு எப்படி வருவா? அதப் பாத்தா அவளுக்கு அந்த நாளு ஞாபகம் வருமில்லீங்களா? அன்னிக்கே விளம்பரம் போட்டுட்டேன், ஓசியாவே குடுத்தர்றேன், எடுத்துட்டுப் போனாப் போதும்னு.

காலைல நீங்க கெளம்பீட்டேன்னு சொன்னதும் அவளுக்குப் போன் போட்டேன். சந்தோசப்படுவான்னு. கலாமணி, தொட்டிய இன்னிக்கு எடுத்துட்டுப் போறாங்க, நீ தைரியமா வரலாம்னு சொன்னேன்.

அவ பாப்பாவ வெளிய போகச் சொன்னது கேட்டுது. அப்பறம், "தொட்டிய எடுங்கன்னு நானு எப்பங்க சொன்னேன்?" அப்பிடின்னா.

நீ சொல்லல, நானாத்தான் எடுக்கறேன்னேன்.

"ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். பாப்பா சொல்லாம இருந்திருந்தா, நீங்க எப்பங்க சொல்லியிருப்பீங்க?"

சொல்லியிருப்பேன் கலாமணின்னேன்.

"அதான், எப்பங்க?"

இதென்னங்க கேள்வி? அன்னிக்கு இருந்த நெலமையில ஒரு மனுசன் எத்தன மணிக்குச் சொல்லியிருப்பேன்னு எப்படிச் சொல்றது? ஒம்பது மணிக்குன்னா? பத்து மணிக்குன்னா? எதச் சொன்னாலும் அந்த மணிக்கு அவ இருந்திருப்பாளான்னு மனசு கேக்குது. அவ போன வெக்கல. அவ மூச்சு விடற சத்தம் மட்டும் கேட்டுது. இன்னும் எளைக்குதுங்க தம்பி, மாடிப்படி ஏறுனவ மாதிரி. சரி, தொட்டி மத்தியானத்துக்குள்ள போயிரும்னு சொன்னேன். வெச்சுட்டா.

தொட்டிதானுங்க. மனசுல அதுதான் இருக்குது, வெளிய சொல்லத் தெரியல அவளுக்கு. காலி எடத்தப் போட்டோ எடுத்து அனுப்புனாச் சாயந்திரமே கெளம்பிருவா. வராம எங்கிங்க போவா? பதினாலு வருசம்.

நீங்களா இருந்தா எப்பச் சொல்லியிருப்பீங்க? சும்மாத்தான் கேக்கறேன். மொத தடவ கேட்டப்பவேவா?

என்னுங்க தம்பி, கிளவுஸயே இழுத்து இழுத்துப் போட்டுக்கறீங்க. சரி, உடுங்க. வலைய எடுங்க. அதோ, அந்தப் பெரிய கல்லு அடியில இன்னும் நாலஞ்சு பட்டன் ஒட்டிக்கிட்டு இருக்குது, அதத் தொட்றாதீங்க. நீலம் கடைசியாத்தான் மாட்டும். நானு வாசல்ல நிக்கறனுங்க.